உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கீசரையும் வாஷிங் மெஷினையும் காப்பாற்றுவது எப்படி

கோவைப் பக்கம் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி அல்லது பில்லூர் அணைத் தண்ணீர், வருகிற நாளில் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்வது. உப்புத் தண்ணி என்றால் போர்வெல். குடிக்க, சமைக்க அது, குளிக்க, துவைக்க, கழுவ இது என்று பாட்டி காலத்திலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். ஆனால் அப்படிப் பிரித்த காலத்தில் வீட்டில் கீசர் கிடையாது, வாஷிங் மெஷின் கிடையாது. விறகடுப்பில் செம்புத் தவலையை ஏற்றி வெந்நீர் வைப்பார்கள், உள்ளே வெள்ளையாகப் படிந்தால் புளியைப் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். இன்றைக்குக் கை நுழையாத இடத்தில் தண்ணீர் சூடாகிறது. சிக்கல் முழுவதும் அங்கேதான்.

எங்கள் வீட்டில் கீசர் வாங்கிப் பதினான்காவது மாதம் நின்றுபோனது. மெக்கானிக் கழற்றியபோது அடியிலிருந்து முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்ட மாதிரி வெள்ளைச் சில்லுகள் ஒரு பக்கெட்டில் கால்வாசிக்குக் கொட்டின, ஹீட்டர் காயில் சுண்ணாம்புக் குச்சி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் இதை உட்கார்ந்து படித்து, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, குழாயையும் மாற்றினேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் திருத்த நினைக்காதீர்கள், சூடு படும் இடங்களை மட்டும் காப்பாற்றுங்கள், செலவும் அலைச்சலும் பாதிக்கு மேல் குறையும்.

உப்பு என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை

கடலோரத்தில் கரிக்கிற தண்ணீரையும் உப்புத் தண்ணி என்கிறோம், சோப்பு நுரைக்காத தண்ணீரையும் உப்புத் தண்ணி என்கிறோம். முதலாவதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு. அது வெள்ளையாக ஓடு கட்டாது, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டாவதில் இருப்பது கால்சியமும் மக்னீசியமும். இதுதான் கடின நீர். சோப்பை நுரைக்க விடாமல் திரித்திரியாக ஆக்குவதும், பருப்பை வேக விடாமல் அடம்பிடிக்க வைப்பதும் (கால்சியம் பருப்பில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது) இதுதான்.

இந்தக் கால்சியத்தில் ஒரு பகுதி பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். தண்ணீர் சூடானதும் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் பிரிந்து படிகிறது. சுவரில் அடிக்கிற பழைய சுண்ணாம்பு காய்ந்தால் என்ன ஆகுமோ அதே பொருள். சர்க்கரையோ சாப்பாட்டு உப்போ சூடானால் இன்னும் நன்றாகக் கரையும், இது நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். அதனால் தண்ணீரிலேயே அதிகச் சூடாக இருக்கும் இடம் எதுவோ, அதாவது காயிலின் மேல்பரப்பு, அங்கேதான் முதலில் போய் ஒட்டும்.

குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாயில் இந்த வேகத்தில் படியாது. அங்கே படிவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் ஆவியாவது. குழாய் வாயில், ஷவர் துளையில், டைல்ஸில் வரும் வெள்ளைக் கறை அப்படி வந்ததுதான். பார்க்க அசிங்கமே தவிர எந்த மெஷினும் அதனால் சாகாது.

அளப்பது எப்படி

எல்லோர் கையிலும் இப்போது ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அது கடினத்தன்மையை அளக்காது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்து, கரைந்த உப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். 900 காட்டினால் அது முழுக்கச் சாப்பாட்டு உப்பாகவும் இருக்கலாம், பாதி கால்சியமாகவும் இருக்கலாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) போட்ட பிறகு மீட்டரை வைத்துப் பார்த்து, எண் குறையவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது, ஆகவே டிடிஎஸ் குறையாது, குறையவும் கூடாது.

வீட்டில் செய்ய சோப்புச் சோதனை போதும். ஒரே அளவு இரண்டு பாட்டிலில் ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றுங்கள். குளிக்கும் சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீரை இரண்டிலும் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை நிற்கும். இன்னொன்றில் நுரை அடங்கி, பால் திரிந்த மாதிரி மேலே ஒரு ஆடை மிதந்தால் அது கடின நீர். ஷாம்பு, துணிக்குப் போடும் லிக்விட் இதற்கு ஆகாது, அவை கடின நீரிலும் நுரைக்கும்படி செய்தவை.

அப்புறம் ஒரு லிட்டரை எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அடியில் வெண்மையாகப் படிந்தால், கீசரில் படியக்கூடிய வகை உங்கள் தண்ணீரில் நிறைய இருக்கிறது என்று பொருள். கொதித்தும் படியவில்லை, ஆனால் சோப்பும் நுரைக்கவில்லை என்றால் சல்பேட், குளோரைடு வகை. அது கீசருக்கு அவ்வளவு எதிரி இல்லை.

எண் வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ரிப்போர்ட்டில் மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைப் பாருங்கள், பக்கத்திலேயே காரத்தன்மை என்றும் ஒரு வரி இருக்கும், மேலே சொன்ன பைகார்பனேட் எவ்வளவு என்பதற்கு அதுதான் அடையாளம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத ஊரில் 600 வரை அனுமதி. ஆனால் இது குடிப்பதற்கான கணக்கு. மெஷின்களைப் பொறுத்தவரை 180ஐத் தாண்டினாலே அது மிகக் கடின நீர்தான்.

முதலில் குழாயைப் பாருங்கள்

மெஷின் வாங்குவதற்கு முன்னால், மருந்து வாங்குவதற்கு முன்னால், மொட்டை மாடிக்குப் போய் எந்த டேங்கிலிருந்து எந்த லைன் இறங்குகிறது என்று பாருங்கள். வீடு கட்டும்போது பிளம்பர் வழக்கம்போல அடுப்படியில் ஒரு குழாய்க்கு மட்டும் நல்ல தண்ணி கொடுத்துவிட்டு, கீசர், வாஷிங் மெஷின், சோலார் எல்லாவற்றையும் உப்புத் தண்ணி லைனில் சேர்த்திருப்பார். கீசருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்குப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் 25 லிட்டர் கீசர் இரண்டு மூன்று முறை காய்ந்தால் 60, 70 லிட்டர். அந்தளவு நல்ல தண்ணி உங்களுக்கு மிச்சமாகிறது என்றால் கீசரின் இன்லெட்டை மட்டும் நல்ல தண்ணி லைனுக்கு மாற்றிவிடுங்கள், ஒரு நாள் வேலை. விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் உப்பாகவே இருக்கட்டும். வீடு புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் இதை இப்போதே பிளம்பரிடம் சொல்லுங்கள், டைல்ஸ் ஒட்டிய பிறகு சொன்னால் சுவரை உடைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். மிக்சர் குழாயில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சேருகிற இடத்தில், இரண்டு டேங்கின் உயரம் வேறு வேறாக இருந்தால் அழுத்தம் அதிகமுள்ள உப்புத் தண்ணீர் நல்ல தண்ணி லைனுக்குள் திரும்பி ஏறிவிடும். கீசர் இன்லெட்டில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கீசர்

படிந்தால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்று விளம்பரங்களில் சொல்வார்கள். ஸ்டோரேஜ் கீசரில் அது சரியில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது, அது தரும் சூடு கடைசியில் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும், வேறு வழி கிடையாது. உண்மையான சேதம் வேறு. இந்தச் சுண்ணாம்பு ஓடு சூட்டைக் கடத்துவதில் செம்பில் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. அதனால் உள்ளே அடைபட்ட காயில் அளவுக்கு மீறிக் காய்ந்து, மேலுறை வெடித்து, எரிந்துபோகிறது. உறை வெடித்தால் தண்ணீரில் ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு, ஆகவே கீசர் லைனில் எர்த்திங்கையும் ஆர்சிசிபியையும் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். கேஸ் கீசரிலும் அடுப்பில் வைக்கும் பாத்திரத்திலும் மட்டும்தான் எரிபொருள் நிஜமாகவே வீணாகும், அங்கே சூடு பக்கவாட்டில் தப்பித்துப் போக வழி இருக்கிறது.

உள்ளே படிகிறது என்று எப்படித் தெரியும்? கீசர் காயும்போது சடசடவென்று சோளம் பொரிவது மாதிரிச் சத்தம் வரும். இரண்டு பக்கெட் வந்த இடத்தில் ஒன்றரை வரும். பக்கெட்டில் வெள்ளைத் துகள் விழும். கட் அவுட் (சூடு மீறினால் கரண்டை நிறுத்தும் பாகம்) அடிக்கடி விழுந்து கீசர் தானாக அணையும். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

செய்ய வேண்டியதில் முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் குறைப்பது. பலரும் அதை முழுக்கத் திருகி 70, 75 டிகிரியில் வைத்துவிட்டு, பிறகு பச்சைத் தண்ணீரைக் கொட்டி விளாவுகிறார்கள். குளிக்கத் தேவை 40 சொச்சம்தான். காயவைத்து உடனே குளித்துவிடுகிற வீட்டில் 50 முதல் 55 போதும். 60க்கு மேலே போகப்போகப் படிவது வேகமாகக் கூடும். எந்நேரமும் ஸ்விட்சைப் போட்டே வைத்திருப்பதையும் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு முறை சூடாறி மறுபடி காயும்போதும் காயில் மேல் இன்னொரு பூச்சு ஏறுகிறது.

இரண்டாவது, வருடத்துக்கு ஒருமுறை, கடினத்தன்மை 400, 500 என்று இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெக்கானிக்கை அழைத்துத் திறந்து சுத்தம் செய்வது. காயிலை நீங்களே கழற்ற வேண்டாம், கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் மின்சாரம் இருக்கும் பக்கம் கசியும். ஆனால் பக்கத்தில் நின்று மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, டேங்க் அடியில் கிடக்கும் சில்லுகளை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள். இரண்டு, காயிலைச் சுத்தியலால் தட்டவோ கத்தியால் சுரண்டவோ விடாதீர்கள், சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் தானே விட்டுவிடும். மூன்று, ஆனோடு ராடைக் காட்டச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் தன்னையே கொடுத்துக் கரைகிற மக்னீசியக் கம்பி அது. நடுக் கம்பி தெரிகிற அளவுக்குக் கரைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். உப்பு அதிகமான தண்ணீரில் இது சீக்கிரம் தீரும், டேங்க் ஓட்டையாகிற கீசர்கள் பலவற்றில் இதை யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

கீசரின் சேஃப்டி வால்வும் சுண்ணாம்பு பிடித்து இறுகிவிடும். அது வேலை செய்யாவிட்டால் உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற வழியில்லை, ஆபத்து. லிவர் உள்ள வால்வு என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள், தண்ணீர் வர வேண்டும். சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரைக் கடின நீர் வீட்டுக்கு நான் சொல்லவே மாட்டேன். சின்ன இடத்தில் 3 கிலோவாட் காயில், இடைவெளியே இல்லை, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சோலாரில் தட்டையான பேனல் வகையில் செம்புக் குழாய்கள் ஒல்லியாக இருப்பதால் அவை அடைபடும். கண்ணாடிக் குழாய் வகை அகலமானது, தாங்கும், ஆனால் குழாய் அடியில் மண் மாதிரி சேரும், அதையும் வருடம் ஒருமுறை எடுக்க வேண்டும்.

வாஷிங் மெஷின்

ஹீட்டர் இருக்கிற ஃபிரண்ட் லோடும் ஹீட்டர் இல்லாத டாப் லோடும் இந்த விஷயத்தில் வேறு வேறு. டாப் லோடில் காயில் எரியும் கதையே கிடையாது. அங்கே இன்லெட் வலை அடைபடும், டிரம்முக்குப் பின்னால் சோப்பும் கால்சியமும் சேர்ந்த பிசுக்கு ஏறி நாற்றம் வரும். தண்ணீர் பிடிக்கவே நேரம் ஆகிறது என்றால் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, மெஷினுக்குள் இருக்கும் சின்ன வலையைக் குறடால் இழுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இதற்கு சர்வீஸ் ஆளே தேவையில்லை.

ஃபிரண்ட் லோடில் ஹீட்டர் இருப்பதால் முதல் பாதுகாப்பு வெப்பநிலை. தினசரித் துணிக்கு 30, 40 டிகிரி போதும், 60ஐப் படுக்கை விரிப்புக்கும் குழந்தைத் துணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி விறைப்பாக, கறுப்புத் துணியில் வெள்ளைப் பொடியாக வருவதற்குத் தண்ணீர் பாதி காரணம், பவுடர் பாதி காரணம். மலிவான பவுடர்களில் சோடா அதிகம். அந்தச் சோடா தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாக்கித் துணி மேலேயே படிய விட்டுவிடுகிறது. லிக்விடுக்கு மாறிப் பாருங்கள், ஒரே வாரத்தில் துண்டில் வித்தியாசம் தெரியும். பாக்கெட்டில் கடின நீருக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள், கடின நீரில் கொஞ்சம் கூடத்தான் போட வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி ஊற்றினால் அதுவே பெரிய விஷயம்.

சுத்தம் செய்ய: மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், அதுதான் சிட்ரிக் அமிலம். முதலில் மெஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், அமிலம் கூடாது என்று போட்டிருந்தால் அவர்கள் சொல்லும் டீஸ்கேல் பவுடரையே வாங்குங்கள். தடை இல்லையென்றால் 100 கிராம் போதும், காலி டிரம்மில் போட்டு, சோப்பு எதுவும் இல்லாமல் 60 டிகிரி காட்டன் புரோகிராம் ஓட்டுங்கள். பாதியில் அரை மணி நேரம் நிறுத்தி ஊறவிட்டால் இன்னும் நல்லது. முடிந்ததும் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசல். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். பிளீச்சிங் பவுடரோ பிளீச் லிக்விடோ இதோடு சேரவே கூடாது, அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மற்றவை

எலக்ட்ரிக் கெட்டில்: லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், அரை மணி நேரம். கொதிக்க விடாதீர்கள், அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்று இன்னொரு வெள்ளைப் படிவு உருவாகி அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

இட்லிப் பானையில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடும் பழக்கம் இதே வேதியியல்தான், விட்டுவிடாதீர்கள்.

ஸ்டீம் அயர்னில் போர் தண்ணீர் ஒரு சொட்டுக் கூட ஊற்றக் கூடாது. இன்வெர்ட்டருக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றலாம், பேட்டரி ஆசிட் அல்ல, இரண்டும் ஒரே கடையில் ஒரே மாதிரி கேனில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஏர் கூலரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு முழுவதும் தொட்டியிலேயே நிற்கிறது. நாம் குறைந்ததை மட்டும் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒரு வாரத்தில் அது போர் தண்ணீரைவிடப் பல மடங்கு கடினமாகிவிடும், தேன்கூடு பேட் கல்லாகிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைக் கூலரிலோ வாஷிங் மெஷினிலோ ஊற்ற வேண்டாம், அதில் உப்பு ஏற்கெனவே கூடியிருக்கும். கழிப்பறைக்கு, வாசல் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

ஷவருக்கு ஒரு பிளாஸ்டிக் கவரில் எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றி, ஷவர் தலை முழுகும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். குழாய்க்கும் கீசருக்கும் பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், குரோம் பூச்சு போய்விடும், எவர்சில்வரில் புள்ளி விழும். அடுப்படி மேடை கடப்பா கல்லோ மார்பிளோ என்றால் எலுமிச்சை உப்புக் கரைசலே சொட்டக் கூடாது, அந்தக் கற்களும் சுண்ணாம்பு வகைதான், பளபளப்பு போய் வெள்ளைத் தடம் விழும். கிரானைட் தாங்கும்.

சாஃப்ட்னர் போடலாமா

நல்ல தண்ணி லைனே இல்லாத வீட்டில் போடலாம். ஆனால் கணக்குப் போட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் ரெசின் (கால்சியத்தைப் பிடிக்கும் சின்ன மணிகள்) ஒரு லிட்டருக்குத் தோராயமாக 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1250 கிராம். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை 500 என்றால், லிட்டருக்கு அரை கிராம், ஆக 2500 லிட்டர் கொடுக்கும். நான்கு பேர் வீட்டில் நாளொன்றுக்கு 540 லிட்டர் என்று வைத்தால் நான்கரை நாள். அதன்பின் உப்புக் கரைசல் விட்டு ரீஜெனரேட் செய்ய, அதாவது பிடித்த கால்சியத்தைக் கழுவி ரெசினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு முறையும் சுமார் 3 கிலோ உப்பு. மாதம் இருபது கிலோ உப்பைக் கொண்டுவந்து கொட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் போட்டால் இதில் கால்வாசி, அரைவாசியில் முடியும்.

இதே கணக்கை வாஷிங் மெஷின் ஹோஸில் மாட்டும் சின்ன ஃபில்டருக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் ரெசின் என்றால் 25 கிராம், அதாவது 50 லிட்டர் தண்ணீர். டாப் லோடில் ஒரு முறை துவைக்கவே அதற்கு மேல் ஆகும். பாலிபாஸ்பேட் படிகம் போட்ட வகை கடினத்தன்மையை எடுக்காது, படியாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், சூடு 60ஐத் தாண்டினால் அந்தச் சக்தியும் குறைந்துவிடும். பச்சைத் தண்ணீரில் துவைக்கிறவர்களுக்கு ஓரளவு உதவும். காந்தம் மாட்டும் கருவிகளுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் காவி நிறமாகப் படிந்தால் இரும்பு இருக்கிறது என்று பொருள். அதற்கு முன்னால் இரும்பு வடிகட்டி இல்லாமல் சாஃப்ட்னர் போட்டால் ரெசின் பாழாகும். அப்புறம், ரீஜெனரேட் செய்த உப்புத் தண்ணீரைத் தென்னைக்கோ செடிக்கோ விடாதீர்கள், சோடியம் மண்ணை இறுக்கிவிடும். சாஃப்ட்னர் தண்ணீரையே தோட்டத்துக்கு விடுவதும் கூடாது. லைன் பிரிக்கும்போதே தோட்டத்துக் குழாயையும் அடுப்படிக் குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.